நாலாவது தகப்பனின் பெயர்

புருல் என் அறைக் கதவை ஒருநாளும் முழுதாகத் திறந்ததில்லை. ஒரு கை நுழைகிற அளவு திறந்து, அந்த இடுக்கில் முகத்தை வைத்து, "எஜே, தொந்தரவு பண்றேனா?" என்று கேட்பாள். எங்கள் ஊரில் மூத்த பெண்கள் எல்லாரும் எஜேதான். ஆனால் அவள் கூப்பிட்டால் அக்கா என்கிற உரிமை அதில் இருக்காது, தலைமையாசிரியர் முன்னால் நிற்கிற பயம்தான் இருக்கும். ஆமாம், தொந்தரவுதான் என்று சொன்னால் போய்விடுவாள். ஆனால் வீட்டுக்குப் போக மாட்டாள், நடைவழியில் சுவரோரமாக நிற்பாள். அதைப் பார்த்துப் பார்த்து, எவ்வளவு எரிச்சலில் இருந்தாலும் "உள்ள வந்து தொலை" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

நான் கிர்கிஸ் தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டு மன்றத்தின் செயலர். கால்நடை மருத்துவத்தில் முனைவர் பட்டம் வேண்டும் என்கிறவர்கள் எங்கள் மன்றத்தின் முன்னால் நின்று, தங்கள் ஆய்வு சரிதான் என்று வாதாடி ஜெயிக்க வேண்டும். யார் வாதாடலாம், எப்போது, எத்தனை பேர் முன்னால் என்பதெல்லாம் விதிகளில் இருக்கிறது. அந்த விதிகளை எழுதியவர்களை நான் நேரில் பார்த்ததில்லை. பார்த்தால் கேட்க நாலு கேள்வி வைத்திருக்கிறேன்.

புருல் நரின் பக்கத்து மலைக்காரி. வட்டாரக் கால்நடை ஆய்வகத்தில் வேலை. நாற்பதைத் தாண்டியவள், இரண்டு பிள்ளைகள். ஆடுமாடுகளுக்குச் சினை கலைந்துபோகிற கன்று வீச்சு நோய்தான் அவள் ஆய்வு. எந்த மேய்ச்சல் நிலத்தில் அது எப்படிப் பரவுகிறது என்று கம்பளிக் கோட்டும் ரப்பர் பூட்சுமாக அலைந்து ரத்தம் எடுத்தவள். ஒரு வருடம் குட்டி போடுகிற பருவத்தில் அந்த நோய் அவளையே பிடித்துக்கொண்டது. காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. மூட்டெல்லாம் வீங்கி, படியேற முடியாமல் கிடந்தாள். "ஆய்வுல இவ்வளவு ஈடுபாடு வேண்டியதில்லைடி" என்று நான் கிண்டல் செய்தேன். சிரிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

ஆய்வு மாணவர்களுக்கு எங்கள் விதிப்படி இரண்டே விடுப்பு. ஒன்று இரண்டாவது பிள்ளைக்குப் போனது, மற்றது இந்தக் காய்ச்சலுக்கு. அதற்குமேல் ஒரு நாள்கூட நீட்ட முடியாது. ஜூன் மாதத்தோடு அவள் கெடு முடிகிறது. அதற்குள் மன்றத்தின் முன் நின்று ஜெயிக்காவிட்டால் பதிவேட்டிலிருந்து பெயர் போய்விடும். திரும்பச் சேர்ந்தாலும் புதுத் தலைப்பில்தான் தொடங்க வேண்டும். மலை மலையாக அலைந்ததும் மூட்டு வீங்கியதும் வீண்.

ஏப்ரலில் முன்னோட்ட உரை நல்லபடியாக முடிந்தது. உறுப்பினர்களுக்கு விருந்து வைக்கக் கூடாது என்பது விதி. தேநீரைப் பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லை. அதனால் ஜாம், வெண்ணெய், பொரித்த மாவுருண்டை என்று மேசை நிறைந்திருந்தது. புருல்தான் எல்லாருக்கும் ஊற்றிக்கொண்டு நின்றாள். எங்கள் மன்றத்திலேயே மூத்தவர் எசென்குல். இந்த நோயைப் பற்றிப் பேசத் தகுதியுள்ள ஒரே உறுப்பினரும் அவர்தான். கோப்பையை நீட்டிக்கொண்டே அவளிடம் கேட்டார்.

"யாரு வீட்டுப் பிள்ளைம்மா நீ?"

எங்கள் ஆட்களிடம் இப்படிக் கேட்டால் அப்பா பெயரோடு நிறுத்த முடியாது. அவள் கெண்டியைக் கீழே வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது மாதிரி தன் ஏழு தகப்பன்களைச் சொன்னாள். அப்பா அசனாலி, அவர் அப்பா முகாஷ், அவருக்கு அப்பா துய்ஷே, கெரிம், தொலுபாய்...

"நில்லு நில்லு. எந்தத் தொலுபாய்? ஆத்து வெள்ளத்துல குதிரையோட போனவரா?"

"ஆமாம் அகாய். அவரேதான்."

அகாய் என்றால் ஐயா, வாத்தியார். கிழவர் எழுந்துவிட்டார். "எனக்கு நாலாவது தகப்பன்மா அவர். உங்கப்பனுக்கும் நாலாவது. அப்ப நீ என் அண்ணன் மகள்." அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தார். அகாய் எல்லாம் வேண்டாம், சித்தப்பா என்று கூப்பிடு என்றார். எல்லாரும் கைதட்டினோம். கையில் மாவுருண்டையோடு குபாத்தும் தட்டினான். குபாத் இன்னொரு ஆய்வு மாணவன். போன வருடம் எசென்குல் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் தோற்றுப்போனவன். அவன் கைதட்டலை அன்றைக்கு நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மே மாதம் புது விதி வந்தது. ஆய்வாளருக்கும் மன்ற உறுப்பினருக்கும் 'எவ்வித இரத்த உறவும்' இருக்கக் கூடாது. இருவரும் அப்படி இல்லை என்று கையெழுத்திட வேண்டும். ஏதோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் விதியை அப்படியே பெயர்த்துப் போட்டிருந்தார்கள். அந்த ஊரில் தாத்தாவின் அப்பா பெயர் யாருக்கும் தெரியாது போலிருக்கிறது. எங்களில் ஒருவருக்கும் அதைப் படித்தபோது பொறி தட்டவில்லை. நல்ல விதி, அண்ணன் தம்பியை உட்கார வைத்துப் பட்டம் வாங்குகிறவன் தொலைந்தான் என்று மகிழ்ந்து முத்திரை குத்தினோம்.

பொறி தட்டியது புருலுக்கு. கதவிடுக்கில் முகம் தெரிந்தது.

"எஜே, இந்த உறவு வரியில என்ன போடறது?"

"இல்லைனு போடு."

"இருக்கே எஜே."

"எங்கடி இருக்கு? சட்டத்துக்கு அப்பா, அம்மா, கூடப் பொறந்தது, கட்டினவன். அதோட உறவு முடிஞ்சுது."

"அப்படி இதுல போடலையே. எவ்வித உறவும்னுல்ல போட்டிருக்கு." அவள் அந்த வரியில் விரலை வைத்தாள். "தொலுபாய் வழிப் பிள்ளைங்களுக்குள்ள நாங்க கல்யாணம் பண்றதில்லை. எங்க அத்தை ஒருத்திக்கு நிச்சயம் பண்ணின கல்யாணமே நின்னுபோச்சு. அப்ப மட்டும் ரத்தம், இப்ப தண்ணியா?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரியாக இருந்ததுதான் காரணம். இருக்கிறது என்று எழுதினால் எசென்குல் விலக வேண்டும். அவர் விலகினால் கூட்டம் நடத்தத் தேவையான எண்ணிக்கை ஒன்றால் குறையும். ஏற்கெனவே ஒரு உறுப்பினர் காலமாகிவிட்டார், இன்னொருவர் இடுப்பை முறித்துக்கொண்டு ஜெர்மனியில் மகள் வீட்டில் படுத்திருக்கிறார். புது ஆள் போட இலையுதிர்காலம் ஆகும். அவள் கெடுவோ ஜூன். இதையெல்லாம் அவளிடம் விரலை மடக்கி மடக்கிச் சொன்னேன்.

"அப்ப இல்லைனு எழுதினா?"

"எழுதினா ஒண்ணும் ஆகாது. யாருக்குத் தெரியப்போகுது?"

"குபாத்துக்குத் தெரியும் எஜே. காலையில படியில பார்த்தான். சித்தப்பா சௌக்கியமான்னு கேட்டான்."

பட்டம் வென்ற பிறகும் இரண்டு மாதம் வரை யார் வேண்டுமானாலும் முறையீடு செய்யலாம். பொய்க் கையெழுத்து என்று நிரூபித்தால் பட்டம் போகும், ஆய்வகத்து வேலையும் ஆட்டம் காணும். தெரிந்தே கூட்டம் நடத்திய செயலரையும் சும்மா விடமாட்டார்கள்.

விதித் துறைக்குத் தொலைபேசினேன். குரலை வைத்துச் சொன்னால் என் மகள் வயதுப் பெண் எடுத்தாள். எத்தனையாவது தலைமுறை வரைக்கும் உறவு என்று கேட்டேன்.

"எவ்வித உறவும்னு இருக்கு எஜே."

"அது எனக்கும் படிக்கத் தெரியும்மா. நாலாவது தாத்தா ஒருத்தரா இருந்தா?"

"அப்படிப் பார்த்தா எங்க துறைத் தலைவரே எனக்கு உறவுதான்" என்றாள்.

"அப்ப உறவு இல்லைனு எழுதிக் குடு."

"ஐயோ, நான் எதையும் எழுதித் தர மாட்டேன் எஜே" என்று வைத்துவிட்டாள்.

அந்த நாட்களில் புருல் இளைத்துப்போனாள். சீப்பில் கொத்தாக முடி வருகிறது என்றாள். பிள்ளைகள் கூப்பிட்டால் கேட்பதில்லையாம்; கணவன் பெயர் சொல்லிக் கத்தினால் கையிலிருந்ததைப் போட்டுவிடுகிறாளாம். நரினிலிருந்து தினமும் தொலைபேசுவாள். ஏதாவது முடிவு சொல்வாள், வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டு அதை மாற்றுவாள். ஒரு நாள், இல்லை என்றே எழுதிவிடுகிறேன் என்றாள். அடுத்த மூச்சில், "அப்பா கேட்டா என்ன எஜே சொல்வேன், பட்டத்துக்காகத் தொலுபாயை வித்துட்டேன்னா?" என்று அழுதாள். எசென்குலிடம் பேசாதே என்று மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். பேசினால் அது சதி ஆகிவிடும். அவரோ தன் கையெழுத்தைப் போடாமலே படிவத்தை வைத்திருந்தார். ஞாபகப்படுத்தினால், "கூட்டத்தன்னைக்குப் போடறேன், விடு" என்றார்.

கடைசியில் அவளும் அந்த வரியைக் காலியாகவே விட்டாள். "கூட்டத்துல கேப்பாங்கல்ல எஜே, அங்கயே எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். என்ன ஆனாலும் ஆகட்டும்." ஆகட்டும் என்று சொன்ன வாய்தான், "என்ன ஆகும் எஜே?" என்றும் கேட்டது.

ஜூன் கடைசி வாரத்தில் கூட்டம். பாப்லர் மரத்துப் பஞ்சு ஜன்னல் வழியாக வந்து மேசையெல்லாம் உருண்டுகொண்டிருந்தது. கூட்டத்தைப் படம்பிடித்து அப்போதே இணையத்தில் காட்ட வேண்டும் என்பதும் விதி. மூலையில் கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது. கடைசி வரிசையில் குபாத், கையில் கைப்பேசி. புருல் மேடையருகே நின்றாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுட்டுக்கோலை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

தலைவர் வழக்கமான கேள்வியைப் படித்தார். ஆய்வாளருக்கு இங்குள்ள உறுப்பினர் எவரோடாவது உறவு உண்டா? யாரும் காது கொடுக்காத கேள்வி அது. பதிலுக்குக் காத்திராமல் அடுத்ததற்குப் போய்விடுவார்கள். புருல் ஓர் அடி முன்னால் வந்து வாயைத் திறந்தாள்.

"நான் சொல்றேன்" என்று எசென்குல் எழுந்தார்.

வெள்ளைக் கம்பளித் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் அதைக் கழற்றி நான் பார்த்ததில்லை. கேமராவைப் பார்த்தே பேசினார்.

"ஏப்ரல்ல தேத்தண்ணி குடிக்கிறப்ப இந்தப் பொண்ணை என் அண்ணன் மகள்னு சொன்னேன். கேட்டவங்க இங்க இருக்காங்க. வயசாயிடுச்சு, தப்பாச் சொல்லிட்டேன். தொலுபாய் எனக்கு நாலாவது தகப்பன் இல்லை."

தலைவருக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப உங்க நாலாவது தகப்பன் யாரு, அகாய்?"

"தெரியாது."

ஏழு தகப்பன் பெயர் தெரியாத ஆளை எங்கள் ஊரில் என்ன சொல்லி வைவார்கள் என்பதை நான் எழுத மாட்டேன். முதல் வகுப்பிலேயே மாணவர்களை எழுப்பி ஏழு பெயரும் கேட்கிற மனிதர் அவர். திக்கினவனைத் தேர்வு முடிகிறவரை கேலி செய்வார். அவர் கேமரா முன்னால் தெரியாது என்றார். நான் குறிப்பில் எழுதினேன். பேனா கொஞ்சம் நின்றுதான் எழுதியது.

"ஆய்வாளர் ஏதாவது சொல்லணுமா?" என்று தலைவர் கேட்டார்.

புருல் எசென்குலைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். இவள் இப்போது உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்று பேனாவைக் குறிப்பிலிருந்து தூக்கிவிட்டேன். சொன்னால் கிழவர் எல்லார் முன்பும் பொய்யர் ஆகிவிடுவார். சொல்லாவிட்டால் இவள் பொய்க்காரி.

"இல்லை" என்றாள். என் காதுக்கே எட்டவில்லை. தலைவர் இன்னொருமுறை கேட்டார். "ஒண்ணும் இல்லை" என்று சத்தமாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகு எசென்குல் அவளைப் பிழிந்து எடுத்தார். தடுப்பூசி போட்ட மந்தையில் எப்படி நோய் வந்தது, ஊசி குளிரில் கெட்டதா, நீ கெடுத்தாயா என்று, சொந்தக்காரர் யாரும் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டார். அவள் ஒன்றைக்கூட விடாமல் பதில் சொன்னாள். வாக்குப்பெட்டியைத் திறந்தபோது எதிராக ஒரு சீட்டுகூட இல்லை. வாழ்த்துச் சொல்லிப் பூங்கொத்து கொடுத்தார்கள். அவள் அதை வாங்கிக்கொண்டு கழிப்பறைக்குள் போனவள், நான் போய்க் கதவைத் தட்டுகிறவரை வெளியே வரவில்லை.

"ஜெயிச்சுட்டியேடி, எதுக்கு அழற?"

"எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார் எஜே" என்றாள்.

எசென்குல் காலியாக வைத்திருந்த படிவத்தில் அன்று மாலையே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அவளும் போட்டாள்.

ஜூலையில் குபாத் முறையீடு கொடுத்தான். நினைத்தது நடந்தது. எனக்கு இரத்த அழுத்த மாத்திரை கூடியது. விசாரணைக் குழு அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது. என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். குறிப்பில் இருப்பதுதான் நடந்தது என்றேன். குழுத் தலைவர் கடைசியில் மடிக்கணினியை மூடினார். "ஒரு கிர்கிஸ்காரன் இதுல பொய் சொல்வானா? தன்னைப் பத்தி இப்படி ஒரு பொய்யைச் சொல்ல யாருக்கு நாக்கு வரும்?" என்றார். முறையீடு தள்ளுபடி.

ஆனால் அந்தப் படம் நரின்வரை போயிற்று. மலையில் சிக்னல் கிடைக்கிற மேட்டில் நின்று புருலின் அப்பா அசனாலியும் பார்த்துவிட்டார். தொலுபாயை மறுத்த ஆள் என் வாசலை மிதிக்கக் கூடாது என்றாராம். உண்மையை அவரிடம் சொல்ல அவளுக்குப் பயம்; அப்பாவுக்கு ரகசியம் தங்காது, சந்தையில் ஆடு விலை பேசும்போதே சொல்லிவிடுவார்.

முறையீட்டுக் காலம் முடிந்தால் விருந்து வைக்கலாம். செப்டம்பரில் அசனாலி வீட்டில் வைத்தார்கள். அப்பா தடுத்தும் புருல் எசென்குலை அழைத்தாள், அவரும் வந்தார். நான் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். பட்டச் சான்றிதழ், பட்டங்களை உறுதிசெய்கிற அரசுப் பட்டக் குழுவின் முத்திரைக்காக இன்னும் காத்திருந்தது; அது வருகிறவரை எனக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் குபாத் முகம்தான். அறை நிறைய உறவுக்காரர்கள், அத்தனை பேர் கையிலும் கைப்பேசி.

வேகவைத்த ஆட்டுத்தலை தட்டில் வந்தது. மூத்த விருந்தாளிக்கு அதைக் கொடுக்க வேண்டும், எசென்குலை விட்டால் வேறு ஆளில்லை. அசனாலி தட்டைக் கையில் வாங்கினார், ஆனால் நீட்டவில்லை.

"தலையை வாங்கறதுக்கு முன்னாடி உங்க ஏழு பேரையும் சொல்லுங்க பார்ப்போம்."

வாசலில் கெண்டியோடு நின்ற புருல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கைப்பேசி ஒன்றிரண்டு உயர்ந்தன.

எசென்குல் மெல்லத் தொடங்கினார். "எங்கப்பா தொக்தோசுன். அவருக்கு அப்பா ஒமுர். அவருக்கு அப்பா பெய்ஷே." நின்றுவிட்டார். அவர் கண் அசனாலியிடம் போகவில்லை, என்னிடம் வந்தது. அவருடைய 'தெரியாது'வை எழுதி வைத்திருக்கிற ஆள் நான்தானே.

நான் எழுந்தேன். "கால் மரத்துப்போச்சு. ஏய் பிள்ளைங்களா, உங்க போனையெல்லாம் வச்சுட்டு வந்து என் செருப்பைத் தேடிக் குடுங்க, எல்லாரும் வாங்க" என்றேன். மன்றத்தில் கத்திப் பழகிய குரல். ஒருத்தர் பாக்கியில்லாமல் எழுந்து வந்தார்கள். அசனாலி என்னைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். ஆட்டின் நடையை வைத்தே நோயைச் சொல்கிற மனிதர். தட்டைப் பிடித்திருந்த கை மெல்ல முன்னால் நீண்டதை வெளியே போகும்போது பார்த்தேன்.

வாசலில் செருப்புகளைக் கலைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே இரண்டு கிழவர்களின் குரல் ஒன்றாக ஒரு பெயரைச் சொன்னது. அடுத்த பெயரையும், அதற்கு அடுத்ததையும் ஒன்றாகவே சொன்னது. பிறகு கெண்டி ஒன்று தரையில் விழுகிற சத்தம், புருலின் அழுகை.

எனக்கு எதுவும் கேட்கவில்லை. பட்டக் குழு கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். செருப்புத் தேடிக்கொண்டிருந்தேன்.